பேஷன்ட் மட்டும்

கண்ணைத் தொறக்காதீக சார். சொட்டு விட்டா கொஞ்ச நேரம் மூடித்தான் வச்சிருக்கணும். சும்மா சும்மா தொறந்து பாத்தீகன்னா கண்ணுப் பாப்பா விரியாது, மறுபடி ஒரு ரவுண்டு விடுவாக. உங்க பேரக் கூப்பிட்டா நான் சொல்றேன். பால்துரைன்னுதான சொன்னீக? மானாமதுரை. சரி, நிம்மதியாச் சாஞ்சு உக்காருங்க. இந்த ஆஸ்பத்திரில எந்தக் கதவு எப்பத் தொறக்கும், எந்த நர்ஸுக்கு எப்பக் கோவம் வரும், எல்லாம் எனக்கு அத்துப்படி.

எனக்கு ஒண்ணும் இல்ல சார். என் வீட்டுக்காரிக்குத்தான். நீங்க வந்து உக்காந்தப்ப எந்த ஊரும்மான்னு கேட்டீகளே, அவதான். திருச்சுழின்னு நான் பதில் சொன்னேன்ல. இப்ப உள்ள போயிருக்கா. தனியா. அதுதான் சார் எனக்கு வயிறு எரியுது.

முன்னெல்லாம் நானும் கூடத்தான் போவேன். கொஞ்ச நாளா அந்த நர்ஸ் பொண்ணு வருது, "இந்திராணியம்மா மட்டும் வாங்க, பேஷன்ட் மட்டும்"னு சொல்லி அவ கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகுது. நான் எந்திரிச்சுப் பின்னால போனா மூஞ்சிக்கு நேரா கதவச் சாத்துது. ஏம்மா, அவளுக்கு என்னத்தச் சொல்லத் தெரியும்? கல்யாணம் ஆனதுலருந்து எந்த ஆஸ்பத்திரிலயும் அவ வாயத் தொறந்ததே இல்ல. பிள்ளைப்பேறுக்குப் போனப்பக்கூட வலி எங்க இருக்குன்னு டாக்டருக்கு நாந்தான் சொன்னேன். சிரிக்காதீக சார், நெசமாத்தான். சிரிச்சா கண்ணுல தண்ணி வரும், சொட்டு பூராம் வெளிய போயிரும்.

அதுவும் இன்னைக்கு! இன்னைக்கு ரிசல்ட்டு சார். அவளுக்குக் கண்ணுக்குள்ள இருக்கிறது வெறும் வீக்கமா இல்ல கேன்சரான்னு இன்னைக்குத்தான் சொல்லப் போறாக. இப்படி ஒரு நாள்ல புருசன வெளிய உக்கார வச்சுட்டு என்ன பேச்சு வேண்டியிருக்கு?

கண்ணுக்குள்ள கேன்சரான்னுதான கேக்குறீக? நானும் அப்படித்தான் கேட்டேன்.

திருச்சுழி பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல கதிரேசன் மெடிக்கல்ஸ்னு கேளுங்க, யாரும் சொல்லுவாக. நாந்தான் கதிரேசன். ஊர்ல பாதிப் பேரு டாக்டர்கிட்டப் போறதுக்கு முன்னாடி எங்கிட்டத்தான் வருவாக. உங்களுக்கு சுகருக்கு என்ன மாத்திரை குடுத்திருக்காக? ம்ம். நானா இருந்தா அத மாத்தியிருப்பேன். சரி சரி, நீங்க உங்க டாக்டரையே கேட்டுக்கங்க.

மத்தியானம் நான் சாப்பிடப் போற நேரம் கடைய இந்திராணிதான் பாத்துக்குவா. பேச்சு வராதே தவிர வேலையில கெட்டி. டாக்டர் கிறுக்குறத என்னவிட நல்லா வாசிப்பா. மாத்திரைகள அட்டையிலருந்து பிரிச்சு ஒண்ணாக் கொட்டினாக்கூட, நெறத்தையும் வாசனையையும் வச்சே இது இன்னதுன்னு பிரிச்சு வச்சிருவா. அப்படிப்பட்டவ ஒருநாள் சீட்டக் கையில வச்சுக்கிட்டு கொசு வெரட்டுறா. என்னடின்னேன். எழுத்து மேல கொசு பறக்குதுங்குறா. நானும் கொசு பேட் வாங்கிக் குடுத்தேன். சாயங்காலம் பூராம் கடையில நின்னு காத்துல வீசிக்கிட்டு இருந்தா. ஒரு கொசு விழல. வந்தவன் போனவனெல்லாம் சிரிச்சான்.

கொசு வெளிய இல்ல சார், கண்ணுக்குள்ள இருந்திருக்கு. இடது கண்ணு. வலதுல அவளுக்குச் சின்னதுலருந்தே பார்வை கம்மி, இந்தக் கண்ணுதான் எல்லாம். அருப்புக்கோட்டையில ஒரு டாக்டர்கிட்டக் காட்டினேன். கண்ணுக்குள்ள வீக்கம், அதான் பொடிப்பொடியா மெதக்குதுன்னு ஸ்டீராய்டு எழுதிக் குடுத்தாரு. அவரக் குத்தம் சொல்ல முடியாது, யாரு பாத்தாலும் மொதல்ல அப்படித்தான் தெரியுமாம். மாத்திரை போட்ட அந்த வாரமே கொசு பறந்து போச்சு. பழையபடி கடைக்கு வந்தா, சீட்டு வாசிச்சா. எனக்குத் தலகால் புரியல. மாத்திரையக் குறைச்சா கொசு திரும்ப வரும். கூட்டினா போயிரும். இப்படியே பல மாசம் ஓடிச்சு. மாத்திரை வேலைதான், அவளுக்கு முகம் உப்பிப் போச்சு. சதை போட்டு நல்லாத்தானடி இருக்கன்னு நான் சொன்னேன். சுகர் ஏறிச்சு, அதுக்கும் ஒரு மாத்திரை நானே குடுத்தேன்.

அப்புறம் குறைக்கவே முடியலன்னு ஆனப்பத்தான் மதுரைக்கு, இங்க வந்தோம். இங்க இருக்கிற டாக்டரம்மா சின்ன வயசு. லைட்ட அடிச்சு அடிச்சுப் பாத்தாக. பாத்துட்டு, "இது வீக்கம் மாதிரி வேசம் போட்டுக்கிட்டு வர்ற வேற ஒண்ணா இருக்குமோன்னு சந்தேகம்"னாக. லிம்ஃபோமா. ரத்தத்துல இருக்கிற ஒரு வகை வெள்ளை அணு கெட்டுப்போய் அடங்காமப் பெருகுற கேன்சராம். கண்ணுக்குள்ள நுங்கு மாதிரி ஒண்ணு இருக்குதுல்ல, அதுக்குள்ள போய்க் குடியிருக்குமாம். இதுல பெரிய பயம் என்னன்னா, கண்ணுலருந்து மூளைக்குப் போயிருமாம். அதுக்கு முன்னாடி கண்டுபிடிக்கணும். அந்த நுங்குத் தண்ணியக் கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணணும்.

"ஆனா மொதல்ல மாத்திரைய நிறுத்துங்க"ன்னாக. படிப்படியாக் குறைச்சு, சுத்தமா நிறுத்தி, சில வாரம் கழிச்சுத்தான் டெஸ்ட்டு. ஏன்னா இந்த ஸ்டீராய்டக் கண்டா அந்தக் கெட்ட செல்லு பாதி செத்துப்போகும், மிச்சம் பதுங்கிக்கும். அப்பப் போயித் தண்ணிய எடுத்தா ஒண்ணும் சிக்காது, இல்லன்னே ரிசல்ட் வரும். நோய் பாட்டுக்கு உள்ள இருக்கும். நல்லாத்தான் விளக்கிச் சொன்னாக. எனக்கே ஸ்டீராய்டப் பத்தி வகுப்பு எடுக்குறாக பாத்தீகளா!

நிறுத்தினோம் சார். நிறுத்தினப்புறம் பாக்கணுமே அவள. கொசு போயி பனி மூடிருச்சுங்குறா. நெலப்படியில இடிச்சுக்குவா. சோத்த வச்சா தட்டுக்கு வெளிய கை போகும். ஒருநாள் தெருவுல ஆட்டோக்காரன் பிரேக் அடிச்சு நிறுத்தலன்னா போய்ச் சேந்திருப்பா. அன்னையிலருந்து நான் கடைக்குப் போறப்ப வீட்ட வெளிய பூட்டிட்டுத்தான் போவேன். என்ன சார் பண்ணச் சொல்றீக? விழுந்து வச்சா? போனையும் நான் வாங்கி வச்சுக்கிட்டேன், அந்த வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது. பெங்களூர்லருந்து பொண்ணு கூப்பிடும், அம்மாகிட்டக் குடுங்கப்பான்னு. அம்மா தூங்குறாம்மா, நல்லா இருக்கான்னு நானே சொல்லிருவேன். எதுக்கு அதுவும் கெடந்து கவலப்படணும்?

அவ சும்மா உள்ளயே சொவரத் தடவித் தடவி நடந்துக்கிட்டு இருப்பா. அடுப்படிலருந்து வாசக்கதவு, வாசக்கதவுலருந்து பின்கட்டு. நான் வந்து பூட்டத் தொறந்தா, கதவுக்கு நேரா நின்னுக்கிட்டு இருப்பா. எப்பலருந்து நிக்கிறான்னு தெரியாது.

என்னால பாக்க முடியல. பாக்க முடியலன்னா முடியல. கடை நிறைய மாத்திரை வச்சிருக்கேன், ஒரு மாத்திரையில கண்ணு தெரியும்னு எனக்குத் தெரியும், அத எட்டி எடுக்காம பொண்டாட்டி சொவரத் தடவுறத ஒருத்தன் வேடிக்கை பாப்பானா?

கிட்ட வாங்க. கண்ணத் தொறக்காம வாங்க. இத யாருகிட்டயும் சொல்லிராதீக. நான் காப்பியில கலந்து குடுத்துட்டேன். கல்லு உரல்ல மையாப் பொடிச்சு, கசப்புத் தெரியாம இருக்க சீனி ரெண்டு பங்கு போட்டு. அவளுக்கே தெரியாது. ஒரே வாரம், பனி வெலகிருச்சு. எனக்குக் கண் தெரியுதுன்னு அவ சொன்னப்ப அவ முகத்தப் பாக்கணுமே. அம்புட்டு சந்தோசம்.

டெஸ்ட் எடுத்தாக. ஒண்ணுமே இல்லன்னு வந்துருச்சு! அப்பவே நான் சொன்னேன் சார், கேன்சரும் கிடையாது மண்ணும் கிடையாதுன்னு. கடைக்கு வந்தவுகளுக்கெல்லாம் அல்வா குடுத்தேன். ஆனா இந்த டாக்டரம்மாவுக்கு மட்டும் முகம் தெளியல. மாத்திரைய நெசமாவே நிறுத்துனீங்களான்னு இந்திராணியப் பாத்துக் கேட்டாக. எப்பவோ நிறுத்தியாச்சு டாக்டர்னு நான் சொன்னேன். இந்திராணி மெல்லத் திரும்பி என்னையே பாத்தா. அப்படி ஒரு பார்வை. பாத்தாளா, இல்ல சும்மா முகத்தத் திருப்பினாளா, யாருக்குத் தெரியும்?

டாக்டரம்மா விடுறதா இல்ல. எதுக்கும் கண்காணிச்சுக்கிட்டே இருப்போம்னு சொல்லி கண்ணப் படம் எடுக்குறது, மண்டைய ஸ்கேன் எடுக்குறதுன்னு வர வச்சுக்கிட்டே இருந்தாக. அந்த ஸ்கேன் இருக்கே, குழாய்க்குள்ள படுக்கப் போட்டுத் தள்ளுவாக. டம டமன்னு சத்தம். அசையக் கூடாது. மொதத் தடவை அவ ஒரே அழுகை, என் கைய விடவே இல்ல. நானும் வர்றேம்மான்னு சண்டை போட்டேன், விடல. அங்க மட்டும் யாரையும் விட மாட்டாகளாம். கதவுல ஒட்டியிருக்கு, பேஷன்ட் மட்டும்னு.

அப்புறம் வலது கண்ணுலயும் கொசு வந்துச்சு. கேட்டீகளா, வலதுலயும். டாக்டரம்மா உடனே, மறுபடியும் டெஸ்ட், மறுபடியும் மாத்திரை கூடவே கூடாதுன்னுட்டாக. சரிங்க டாக்டர்னேன். வீட்டுக்கு வந்து மறுபடியும் காப்பி.

ஆனா இந்தத் தடவை கேக்கல சார். அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. ஒரு வாரம் குடுத்தேன், பனி. ரெண்டாவது வாரமும் பனி. மாத்திரைய ரெண்டாக்கினேன். இன்னும் மோசமாப் போச்சு. உப்பியிருந்த முகமும் வத்திப் பழைய முகம் வந்துருச்சு. சப்ளை பண்றவன கடைக்குக் கூப்பிட்டு, டூப்ளிகேட்டாடா விக்கிறேன்னு சட்டையப் புடிச்சுட்டேன். அவன் சாமி சத்தியமா இல்லண்ணேங்குறான். வேற கம்பெனி வாங்கிப் பாத்தேன். அதுவும் டூப்ளிகேட். நாட்டுல எதுதான் சார் ஒரிஜினல்?

இவளும் ஒரு மாதிரி ஆயிட்டா. அடுப்படியில வெக்கையா இருக்குன்னு காப்பியத் தூக்கிக்கிட்டுப் பின்கட்டுக்குப் போயிருவா. அங்க தொவைக்கிற கல்லு மேல உக்காந்து குடிச்சுட்டு, டம்ளரக் கழுவிக் கொண்டாந்து கவுத்தி வைப்பா. அந்தக் கல்லச் சுத்தி இந்தத் தடவை என்ன எறும்பு தெரியுமா! கட்டெறும்பு, சித்தெறும்பு, சாரை சாரையா. எறும்புப் பொடி வாங்கிப் போட்டுப் போட்டு எனக்கு அலுத்துப் போச்சு. கண்ணு தெரியாதவ, கடிச்சு வைக்கும்லன்னு எனக்கு அது வேற கவலை.

போன தடவை ஸ்கேனுக்கு வந்தப்ப அவ அழவே இல்ல. என் கையப் புடிக்கல. சொவரப் புடிச்சுக்கிட்டு அவளா உள்ள போனா. சத்தம் நின்னு ரொம்ப நேரமாச்சு, வெளிய வரல. எட்டிப் பாக்கவும் முடியல. அப்புறம் நர்ஸும் அவளும் மெதுவா வர்றாக, அவ சேலை முந்தானை நனைஞ்சிருக்கு. என்னடி இம்புட்டு நேரம்னேன். ஒண்ணும் இல்லன்னா. குழாய்க்குள்ள பயந்திருப்பா. அன்னையிலருந்துதான் சார் இந்த ஆஸ்பத்திரில எங்க போனாலும் பேஷன்ட் மட்டும், பேஷன்ட் மட்டும். அந்தப் பழக்கத்த அங்கருந்து இங்க எதுக்குக் கொண்டாந்தாகன்னு தெரியல.

அதுக்கப்புறம் வலது கண்ணுல தண்ணி எடுத்தாக. அந்த ரிசல்ட்டுக்குத்தான் இன்னைக்கு…

இருங்க. கதவு தொறக்குது. என்னையா? சார், என்னைத்தான் கூப்பிடுறாக! பாத்தீகளா, நான் இல்லாம ஒண்ணும் ஓடாது. இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்கங்க. ஃபிளாஸ்க்ல காப்பி இருக்கு, சாய்ச்சுராதீக. வந்துர்றேன்.

இருக்கீகளா சார்? இன்னும் உங்களக் கூப்பிடலையா?

கண்ணத் தொறந்துட்டீகளா. சரி. போதும், விரிஞ்சிருக்கும். என் முகம் மங்கலாத்தான் தெரியும். நல்லது.

கேன்சர்தான் சார்.

செல்லு சிக்கிருச்சாம். சந்தேகமே இல்லையாம். மூளைக்குப் போகல. ஸ்கேன் சுத்தமா இருக்கு, இதுவரைக்கும். அதச் சொன்னப்ப நாற்காலியப் புடிச்சுக்கிட்டேன். கண்ணுக்குள்ளயே ஊசி போடுவாகளாம். கண்ணுக்குள்ளயே சார். மொதல்ல அடிக்கடி, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு, அப்புறம் மாசத்துக்கு ஒண்ணு. அது முடிஞ்சாலும் முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்லையாம். மூணு மாசத்துக்கு ஒருதரம் அந்தக் குழாய்க்குள்ள போயிட்டு வரணும். வருசக் கணக்கா. போயிருச்சா போயிருச்சான்னு ஒவ்வொரு தடவையும் பாத்துக்கிட்டே இருக்கணும்.

வலது கண்ணக் காப்பாத்திரலாம்னு நம்புறாக. இடது கண்ணு திரும்பாதாம். உள்ள இருக்கிற விழித்தெரை அரிச்சுப் போச்சு. "மொதத் தடவையே சிக்கியிருந்தா…"ன்னு டாக்டரம்மா ஆரம்பிச்சாக. ஆரம்பிச்சுட்டு, என்னைப் பாத்தாக, முடிக்கல.

அப்புறம் ஒண்ணு சொன்னாக. "மொதத் தடவை டெஸ்ட் எடுத்தப்ப மாத்திரை ஒடம்புல இருந்திருக்கு, அதான் ஒண்ணும் சிக்கல. இந்தத் தடவை சுத்தமா இல்ல. உங்க மனைவி ரொம்பக் கவனமா இருந்தாங்க"ன்னு.

அதெப்படி டாக்டர்னு கேக்க வாயத் தொறந்தேன். மூடிக்கிட்டேன். இந்திராணி அந்த ஸ்டூல்ல உக்காந்து கையக் கட்டிக்கிட்டு இருக்கா. என் பக்கம் திரும்பவே இல்ல. நீங்க வெளிய இருங்க, அவங்ககிட்ட ஊசியப் பத்திப் பேசணும்னு டாக்டரம்மா என்னை அனுப்பிட்டாக.

நீங்களே சொல்லுங்க சார். தினம் நான் கலந்தேனே. என் கையால. பொடிச்சு, சீனி போட்டு. அப்ப அந்த மாத்திரை டூப்ளிகேட்தான? ரெண்டு கம்பெனியும் டூப்ளிகேட்தான? சொல்லுங்க, நீங்களும் படிச்சவுகதான.

அந்தா வர்றா. நர்ஸ் பொண்ணு கைய நீட்டுது, வேண்டாங்குறா. தனியா வர்றா. இந்திராணி, இங்க. இங்கம்மா, அந்தத் தூணுக்கு இந்தப் பக்கம். உக்காரு. காலைலருந்து பச்சைத் தண்ணி குடிக்கல நீ. பஸ்ல வாந்தி வரும்னு சொல்லிட்ட. இரு, காப்பி ஊத்துறேன். இன்னும் சூடு இருக்கு. விடிய எந்திரிச்சு ஒனக்குன்னு போட்டது. இந்தா, புடிச்சுக்க.

எங்க போற? ஏய், எங்கடி போற? வாஷ்பேசின் அங்க… சொவரப் புடிச்சுக்க. பாத்து.

சார்.

ஊத்துறா சார். பூராத்தையும் ஊத்துறா.

டம்ளரக் கழுவுறா. ரெண்டு தரம் அலசுறா. வீட்டுலயும் இப்படித்தான் கழுவிக் கொண்டாந்து கவுத்தி வைப்பா. அந்தத் தொவைக்கிற கல்லுகிட்டருந்து.

அந்த எறும்பு…

அடக் கடவுளே. மொத நாளே தெரிஞ்சிருக்கு இவளுக்கு. மாத்திரையக் கலந்து கொட்டினாலே பிரிச்சு வைக்கிறவ சார் இவ. காப்பியில தெரியாமலா இருந்திருக்கும்? தெரிஞ்சுக்கிட்டே மொதத் தடவை நான் குடுத்தத எல்லாம் குடிச்சிருக்கா. கண்ணு தெரியுதுன்னு எங்கிட்டச் சிரிச்சிருக்கா. டாக்டர் கேட்டப்ப என்னைத் திரும்பிப் பாத்தாளே. நான் உண்மையச் சொல்லுவேன்னு பாத்திருக்கா. ஸ்கேன் ரூம்ல அம்புட்டு நேரம் நர்ஸுகிட்டச் சொன்னதும் இதத்தான் போல.

வா. உக்காரு இந்திராணி. என்னம்மா? என்ன வேணும், போனா? பொண்ணுகிட்டப் பேசணுமா? ம். இந்தா. இந்தா, நீயே வச்சுக்க. வீட்டுச் சாவியா? சாவியும்… இரு, இந்தப் பையிலதான் இருக்கு. இந்தா.

என்ன சார்? டாக்டர் அவளுக்கு என்னென்ன சொன்னாகன்னா?

எங்கிட்ட ஏன் கேக்குறீக. பக்கத்துலதான உக்காந்திருக்கா. அவகிட்டயே கேளுங்க.